இடது கையால் ஒரு வட்டம்

ஜூன் 4, செவ்வாய்

வக்கீலம்மா புது நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார். "தினமும் ரெண்டு வரி எழுதுங்க டீச்சர். எப்ப வலிச்சுது, எது செய்ய முடியல. இழப்பீட்டு வழக்குக்கு உதவும்." சரி என்று வாங்கிக்கொண்டேன். வலிக்கு அந்த நோட்டு. மற்றதெல்லாம் வழக்கம்போல இந்தப் பழைய நோட்டில்.

வலது கையை மேசைமேல் ஊன்றிக்கொண்டால் எழுத வருகிறது. தூக்கத்தான் முடிவதில்லை. அலமாரியின் மேல்தட்டு இப்போது எனக்கு வெளிநாடு. மருத்துவக் குழு அந்தக் கைக்கு முப்பத்திரண்டு சதவீதம் ஊனம் என்று போட்டிருக்கிறது. தங்கை தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "மூணு மார்க்ல ஃபெயில் பண்ணிட்டாங்களே அக்கா!" என்றாள். முப்பத்து நான்கு வருஷம் கணக்குத் தாள் திருத்தியவளை யாரோ திருத்தியிருக்கிறார்கள். இருவரும் சிரித்தோம்.

சாயங்காலம் முகம் கழுவப் போனபோது இடது கை விரல் நுனிகளில் வெள்ளையாக ஏதோ. தேய்த்துப் பார்த்தேன். சாக்பீஸ். நான் ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது.

ஜூன் 6, வியாழன்

விசாரணை ஜூலை 2 என்று முடிவாகிவிட்டது. வக்கீலம்மாவுக்கு என்னிடமிருந்து ஒரே ஒரு வாக்கியம் வேண்டும்.

"நடைபாதையில நின்னேன்னு சொல்லிடுங்க. போதும்."

"எனக்கு ஞாபகம் இல்லம்மா."

"நீங்க அங்கதான் நின்னிருப்பீங்க டீச்சர். உங்களைப் பத்தித் தெரியாதா?"

"நின்னிருப்பேன்கிறது வேற, நின்னேன்கிறது வேற."

விடை சரியாக இருந்தாலும் வழி எழுதாத பிள்ளைக்கு நான் முழு மார்க் போட்டதே இல்லை. இப்போது விடையை மட்டும் எழுதச் சொல்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த வழி இவ்வளவுதான். மார்ச் 21, மதியம் இரண்டரைக்குக் கதவைப் பூட்டினேன். அடுத்தது ஆஸ்பத்திரிக் கட்டில். தெருமுனையில் இரண்டு நாற்பதுக்கு ஒரு வேன் என்னை இடித்தது என்று பிறகு சொன்னார்கள். நான் திடீரென்று நடுரோட்டுக்கு வந்துவிட்டேன் என்கிறார் வேன்காரர். போலீஸ் வந்ததே ஒரு மணி நேரம் கழித்து. அவர் சொன்னபடி வரைபடம் போட்டுக்கொண்டு போனார்கள். என் மூக்குக்கண்ணாடி இடது வில்லை இல்லாமல் திரும்பி வந்தது. ஆஸ்பத்திரியில் கையைச் சேர்த்துக் கட்டி, இரண்டே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். பின்னந்தலை வீங்கியிருந்தது. காட்டினேன். "ஐஸ் வைங்க, வத்திடும்."

எத்தனை ஆயிரம் பிள்ளைகளை ரோட்டு ஓரத்தில் நிறுத்தி, வலம் பார், இடம் பார் என்றிருக்கிறேன். நானே பார்க்காமல் இறங்கியிருந்தால்? அந்த மனிதர் சொல்வது உண்மையாக இருந்தால்? பணம் வராவிட்டால் போகட்டும். இது தெரிய வேண்டும்.

ஜூன் 9, ஞாயிறு

விபத்துக்குப் பிறகு இன்றுதான் முதல் தடவையாகத் தெருமுனைக்குப் போனேன். தங்கை என் இடது கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

நடைபாதையில் சாக்பீஸ் கோடுகள். ஒருக்களித்துப் படுத்த ஓர் உருவம், வலது கை உடம்புக்கு அடியில். அதைத் தொட்டாற்போல நீளமாக ஒரு பெட்டி வடிவம். பெட்டியின் ஒரு மூலை பின்சுவரில் இறங்கும் இரும்புக் குழாயில் முட்டுகிறது. குழாயின் அடியில் தனியாகச் சின்ன வட்டம் ஒன்று.

"போலீஸ் போட்ட கோடா இது? வாரம் பூரா மழை பேஞ்சுதே, எப்படி அழியல?" என்றாள் தங்கை.

அழியாதது மட்டுமில்லை. தொட்டால் விரலில் ஒட்டுகிறது, காலையில் போட்ட மாதிரி.

அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆரம்பித்த இடமும் முடிந்த இடமும் தெரியவில்லை. எங்கள் பள்ளியில் காம்பஸ் இல்லாமல் அப்படி வட்டம் போடுவதில் ஒரே ஒருத்திக்குத்தான் பெயர். அவளுடைய கைதான் இப்போது தோளுக்கு மேல் எழும்புவதில்லை.

எதிரே சைக்கிள் கடைக்காரர் டியூபை வாளித் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே நிமிர்ந்தார். "என்ன டீச்சர், இன்னைக்கு நேரத்தோடவே வந்துட்டீங்க? ஞாயித்துக்கிழமை லீவுன்னுல்ல நெனச்சேன்!"

"அவரு வேற யாரையோ சொல்றாரு, வா" என்றாள் தங்கை. அவர் வேறு யாரையும் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தார், சிரிப்பை நிறுத்தினார், வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஜூன் 10, திங்கள்

அலமாரியின் கீழ்த்தட்டில் பழைய சாக்பீஸ் டப்பா. எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொன்பது.

ஜூன் 12, புதன்

முப்பத்தேழு.

எதிர்ப்புறச் சுவர் நிழலில் தொப்பி போட்ட ஒருவர் வண்டியில் சாய்ந்தபடி நிற்கிறார். கையில் சின்னக் கேமரா. வக்கீலம்மாவுக்குப் போன் செய்தேன்.

"வேனோட இன்சூரன்ஸ் கம்பெனி ஆளா இருக்கும். நீங்க நடிக்கிறீங்களான்னு வீடியோ எடுப்பாங்க. கண்டுக்காதீங்க, இயல்பா இருங்க."

இயல்பாக இரு என்று சொன்னபிறகு யாரால் இருக்க முடியும்? மூக்கு அரித்தால்கூட எந்தக் கை போகிறது என்று பார்த்துக்கொள்கிறேன். தங்கை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு, "தலையை வாரிக்கோ அக்கா, படத்துல நல்லா விழணும்ல" என்று சொல்லிவிட்டுத் தையல் கடைக்குக் கிளம்பினாள். அவள் ஒரு மணிக்குப் போனால் ஆறுக்குத்தான் வருவாள். நடுவில் நானும் கடிகாரமும்தான்.

ஜூன் 13, வியாழன்

முப்பத்தாறு. என் செருப்பு நனைந்திருக்கிறது.

ஜூன் 14, வெள்ளி

பிள்ளைகளுக்குச் சொல்வேன்: சந்தேகம் வந்தால் சண்டை போடாதே, சோதனை செய். உள்ளே தாழ்ப்பாள் போட்டு, கதவுக்கும் நிலைக்கும் குறுக்கே ஒரு வெள்ளை நூலை ஒட்டினேன். நாற்காலியைக் கதவுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தேன். சாக்பீஸ் எடுக்க யார் வந்தாலும் நூல் அறுபடும், எனக்கும் தெரியும்.

யாரும் வரவில்லை. நான் நாற்காலியை விட்டு அசையவில்லை. சத்தியமாக அசையவில்லை.

நூல் அறுந்து கிடக்கிறது. தாழ்ப்பாள் திறந்திருக்கிறது.

வெளியிலிருந்து தாழ்ப்பாளை எப்படித் திறப்பாங்க? முடியாதே. யாரும் உள்ள வரல. அப்படின்னா... இல்ல. நாளைக்கு யோசிக்கலாம்.

ஜூன் 17, திங்கள்

மதியம். கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுதிக்கொண்டே இருந்தால் நான் இங்கேதான் இருக்கிறேன் என்று அர்த்தம். 2.36. பக்கத்து வீட்டு மாடியில் துணி காய்கிறது. 2.38. குழாய் சொட்டுகிறது, வாஷர் மாற்ற வேண்டும். தூக்கம் துளியும் இல்லை. 2.39. இன்றைக்கு என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறேன். 2.40. கொடியில் நீலச் சட்டை ஒன்று, அதற்குப் பக்கத்தில்

3.25. கொடியில் துணி இல்லை. எடுத்துவிட்டார்கள்.

நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். பேனா மூடி போட்டிருக்கிறது. என் முழங்கால் பக்கம் புடவை வெள்ளையாக இருக்கிறது.

நான்தான். வேறு யாரும் இல்லை.

ஜூன் 18, செவ்வாய்

தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. லீவு போட்டுவிட்டு என்னோடு உட்கார்ந்தாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ரெண்டு நாப்பதுக்கு எழுந்தே. அக்கான்னு கூப்பிட்டேன். திரும்பிப் பாத்தே."

"எப்படிப் பாத்தேன்?"

"க்ளாஸ்ல புதுசா சேந்த பிள்ளையப் பாக்கிற மாதிரி. என் பேர் என்னன்னு கேக்கப் போறியோன்னு நெனச்சேன். கேக்கல. சாக்பீஸ் எடுத்தே, செருப்பு போட்டே, கெளம்பிட்டே. பின்னாடியே வந்தேன். ரோட்டுல எறங்கவே இல்ல நீ, ஓரமாவேதான் போனே. அங்க மண்டி போட்டு ஒவ்வொரு கோடா மேல ஓட்டினே. இடது கையால. அந்தத் தொப்பிக்காரன் வீடியோ எடுத்துட்டு இருந்தான். தடுக்கலாம்னு கிட்ட வந்தேன்க்கா. எனக்குப் பயமா இருந்துச்சு."

தடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அழுதுவிட்டாள். ஐம்பத்தெட்டு வயதில் சின்னக் குழந்தை மாதிரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதாள். நான்தான் தட்டிக்கொடுத்தேன்.

ஜூன் 19, புதன்

வக்கீலம்மாவிடம் சொன்னோம். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"டீச்சர், வழக்கே போச்சு. விபத்து நடந்த இடத்துல நீங்களே கோடு போட்டு சாட்சி தயார் பண்றீங்கன்னு சொல்லுவாங்க. ஒண்ணு, அங்க போறதை நிறுத்துங்க. இல்ல, அது நீங்க இல்லன்னு சொல்லுங்க."

போவது நான் என்றால் நிறுத்தலாம். நான் இல்லையென்றும் சொல்ல முடியாது. இரண்டில் எதைச் சொன்னாலும் பாதிப் பொய்.

"நடந்ததை நடந்தபடி சொல்றேன்" என்றேன்.

"யாரும் நம்ப மாட்டாங்களே."

"நானே நம்பல. அவங்களைக் குறை சொல்ல முடியுமா?"

ஜூலை 2, செவ்வாய்

விசாரணை. காலை பதினொரு மணி. சுவரில் திரை.

என் முதுகை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். நரை பின்னால் இவ்வளவு இருக்கிறதா? திரையில் அவள் மண்டியிட்டு, அவசரமில்லாமல், சாக்பீஸை இரண்டாக ஒடித்து ஒரு பாதியை ஓரமாக வைத்தாள். அது என் பழக்கம்தான்.

கம்பெனி வக்கீல் எழுந்தார். "நோயாளிங்கிறவங்க ரோட்டுல உக்காந்து படம் வரையறாங்க, பாருங்க."

நீதிபதியம்மா என்னைக் கேட்டார். "அது நீங்கதானா?"

"உடம்பு என்னோடதுதாம்மா. நான் அங்க இல்ல."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். என் வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போது திரையில் அவளுடைய வலது தோளிலிருந்து பை நழுவியது. யாராக இருந்தாலும் வலது கை தானாகப் போகும். அவள் சாக்பீஸைப் போட்டுவிட்டு இடது கையைக் குறுக்கே கொண்டுவந்து பிடித்தாள். "அதை மறுபடி போடுங்க" என்றார் நீதிபதியம்மா. மூன்று தடவை போட்டார்கள். மூன்று தடவையும் வலது கை கயிற்றில் கட்டிய குடைபோலத் தொங்கியது.

தொப்பிக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார். தொப்பி இல்லாமல் பார்த்தால் பாவம், நல்ல வழுக்கை.

"மூணு வாரம் பாத்தேம்மா. ஒரு நாள்கூட அந்தக் கை எழும்பல. நடிக்கிறவங்க எங்கேயாவது மறந்துடுவாங்க. இவங்க தன்னையே மறந்துட்டாங்க, கையை மட்டும் மறக்கல."

"வேற ஏதாவது பாத்தீங்களா?"

"இவங்க வரையற பெட்டி குழாய்ல போய் முட்டுதுல்ல, அந்தக் குழாய் நசுங்கியிருக்கு. நசுங்கின இடத்துல பச்சை பெயிண்ட். வேனும் பச்சை. அப்புறம் அந்தச் சின்ன வட்டம் எதுக்குன்னு எனக்குப் புரியல. ஒரு நாள் இவங்க போனப்புறம் குச்சியால சொரண்டிப் பாத்தேன்."

சட்டைப் பையிலிருந்து சின்ன உறை ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். கீறல் விழுந்த ஒரு கண்ணாடி வில்லை.

"இதை ரிப்போர்ட்ல எழுதியிருந்தேன். அந்தப் பக்கத்தை மட்டும் காணோம்" என்றார், யாரையும் பார்க்காமல்.

நடைபாதையின் விளிம்பிலிருந்து அந்தக் குழாய் மூன்று அடி உள்ளே. நான் இறங்கவில்லை. வேன்தான் மேலே ஏறியிருக்கிறது.

ஜூலை 3, புதன்

வில்லை என்னுடையதுதான் என்று கண்ணாடிக் கடையில் பவர் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அழ வேண்டும்போல இருக்கிறது, வரவில்லை. மூன்றரை மாதமாக ஒருத்தி தினமும் போய் எனக்காகச் சாட்சி சொல்லியிருக்கிறாள். நான் அவளைத் திருடி என்று நினைத்து நூல் ஒட்டினேன்.

ஜூலை 11, வியாழன்

வேறொரு ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் செய்தார்கள். பின்பக்கம் ரத்தம் கசிந்து உறைந்த தழும்பு. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் காட்டினார்.

"அன்னைக்கே தலையைப் பாத்திருக்கணும். கை உடைஞ்சது கண்ணுக்குத் தெரிஞ்சுது, அதோட விட்டுட்டாங்க. இதுவும் ஒரு வகை வலிப்புதாம்மா. ஆள் நடப்பாங்க, கதவு திறப்பாங்க, ஞாபகம் இருக்காது."

"சரிங்க டாக்டர். தினமும் அதே நேரத்துக்கா? அவ்வளவு நுணுக்கமாவா?"

ஸ்கேனைத் திரும்ப உறையில் போட்டார். "நடக்கிறதுக்கு எங்ககிட்ட பேர் இருக்கு. வரையறதுக்கு இல்ல."

முதல் ஆஸ்பத்திரிமேல் தனியாக வழக்குப் போடலாம் என்கிறார் வக்கீலம்மா. போடச் சொல்லிவிட்டேன். எனக்காகக் கூட இல்லை. தலை வீங்கி வரும் அடுத்த ஆளிடம் அவர்கள் ஐஸ் வைக்கச் சொல்லக் கூடாது.

நாளை முதல் மாத்திரை.

ஆகஸ்ட் 5, திங்கள்

வேன்காரர் வாக்குமூலத்தை மாற்றிவிட்டார். கீழே விழுந்த போனை எடுக்கக் குனிந்தாராம். கம்பெனி ஒத்துக்கொண்டது. வெளியே வரும்போது அவர் என் முன்னால் வந்து நின்று, "டீச்சர்" என்றார். பொய் சொல்லிவிட்டு நிற்கிற பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே முகம்தான். "சரி, போங்க" என்றேன்.

சாக்பீஸ்: பதினைந்து. மூன்று வாரமாகப் பதினைந்து. இரண்டு நாற்பது வருகிறது, போகிறது, நான் நாற்காலியிலேயே இருக்கிறேன். வீடு காலியாக இருக்கிறது. முன்பும் காலிதான்.

ஆகஸ்ட் 24, சனி

தங்கையோடு தெருமுனைக்குப் போனேன். மழை எல்லாவற்றையும் கழுவிவிட்டது. நசுங்கிய குழாய் மட்டும் இருக்கிறது.

என்ன தோன்றியதோ, பையிலிருந்து சாக்பீஸ் எடுத்து, இரண்டாக ஒடித்து, ஒரு பாதியை ஓரமாக வைத்துவிட்டுக் குழாயடியில் மண்டியிட்டேன். இடது கையால் ஒரு வட்டம் போட்டேன். நசுங்கிய முட்டை மாதிரி வந்தது. பக்கத்தில் இன்னொன்று. அது அதைவிட மோசம். ஆறாவதில் நிறுத்தினேன்.

சைக்கிள் கடைக்காரர் கை துடைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார். "என்ன டீச்சர், கை விட்டுப்போச்சா?"

"எனக்கு எப்பவும் இடது கையில வராதுங்க."

அவர் என்னைப் பார்த்தார். ஆறு வட்டங்களையும் பார்த்தார், துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குத் திரும்பிவிட்டார்.

தங்கை என் கையைப் பிடித்து எழுப்பினாள். சாக்பீஸின் மற்ற பாதி ஓரத்திலேயே இருந்தது. அதை எடுத்துக்கொள்ளவில்லை. நனையாமல் இருக்கட்டும் என்று சுவரோரமாகத் தள்ளி வைத்துவிட்டு வந்தேன்.