மப்பில் இருந்த வாட்ச்மேன்

அச்சகத்திலிருந்து புரூஃப் வந்திருக்கிறது, அண்ணா. மை வாசனை இன்னும் போகவில்லை. எங்கள் கல்லூரி மாணவர்களுக்கான துண்டறிக்கை. முதல் வரியிலேயே 'போதை மருந்து'. சிவப்புப் பேனாவை எடுத்தேன். அதற்குள் உங்கள் சிரிப்பு கேட்டுவிட்டது.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம் உங்கள் டீக்கடை. நான் அப்போது நுண்ணுயிரியல் ஆராய்ச்சி மாணவி. உங்களுக்கு மட்டும் 'டாக்டரம்மா', பட்டம் வருவதற்கு மூன்று வருடம் முன்பே.

கடைக்குப் பின்னால் போய்க் கஞ்சா இழுத்துவிட்டு வருவீர்கள். இருமுவீர்கள். நெஞ்சுச்சளி, காய்ச்சல், மாத்திரை. மறுபடி நெஞ்சுச்சளி. தொடர்ந்து மூன்று பௌர்ணமி கடை மூடிக் கிடந்தது, ஊரே நடந்து போகும் நாளில். எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு தாள் எழுதி உங்கள் கடைச் சுவரில் ஒட்டினேன். பெரிய எழுத்தில் தலைப்பு: 'போதை மருந்தும் நோய் எதிர்ப்புச் சக்தியும்'.

மறுநாள் டீ ஆற்றிக்கொண்டே சொன்னீர்கள். காலையிலிருந்து நாலு பேர் விசாரித்தார்களாம், அந்த மருந்து எங்கே கிடைக்கும் என்று. ஒருவர் சர்க்கரைக்கும் கேட்குமா என்றாராம்.

"மருந்துன்னும் நீயே எழுதிட்ட, சக்தின்னும் நீயே எழுதிட்ட. அப்பறம் நான் ஏன் விடணும்?"

தாளைக் கிழித்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து வாயால் சொன்னேன். நுரையீரலில் கிருமியை விழுங்கும் அணுக்கள் காவலுக்கு உண்டு. அந்தப் புகை போய்க்கொண்டே இருந்தால் அவை மந்தமாகிவிடும். கிருமி எதிரே வந்தாலும் அவற்றால் ஒழுங்காகக் கொல்ல முடியாது.

டீ ஆற்றுவதை நிறுத்தினீர்கள்.

"அப்ப உள்ள இருக்கற வாட்ச்மேனும் மப்புலதான் இருக்கானா?"

கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன்.

"நான் மப்புல இருந்தா அவன் பாத்துப்பான்னு விட்டுடலாம். அவனும் மப்புன்னா கடைய யாரு பாக்கறது?"

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு சுருக்கமாக இல்லை.

உடனே விடவில்லை நீங்கள். கம்மி பண்ணினீர்கள், மறுபடி ஜாஸ்தி, மறுபடி கம்மி. பிறகு ஒரு பௌர்ணமிக்குக் கடை திறந்திருந்தது. அடுத்ததற்கும். இருமல் இல்லாத உங்கள் குரல் எவ்வளவு பெரியது என்று அன்றுதான் தெரிந்தது.

பல வருடம் கழித்து உங்களைக் கொண்டுபோனது மாரடைப்பு. நெஞ்சுச்சளி இல்லை. வாட்ச்மேன் மேல தப்பில்ல என்று நீங்களே சொல்லியிருப்பீர்கள்.

புரூஃபில் 'மருந்து' என்பதை அடித்து, 'பொருள்' என்று எழுதிவிட்டேன்.

இன்னொன்று. வகுப்பில் அந்த அணுவின் பெயரைச் சொல்லிவிட்டு, உங்கள் கதையையும் சொல்வேன். போன தேர்வில் ஒரு பெண் பெயரை மறந்து 'வாட்ச்மேன் அணு' என்று எழுதியிருந்தாள். முழு மதிப்பெண் போட்டேன். அதில் பாதி உங்களுக்கு.