விசில் ஊதினால் உயரும் கைகள்

அன்புத் தம்பி,

ஊருக்கெல்லாம் நீ ஃபாதர். எனக்குத் தம்பிதான், அதனால் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

நம் கோடை முகாமின் பொன்விழா மலரில் நீ எழுதிய வரலாற்றைப் படித்தேன். முதல் கூடாரம், முதல் திருப்பலி, ஆயர் வந்த நாள் எல்லாம் இருக்கிறது. ஏரியில் விசில் ஊதியதும் பிள்ளைகள் ஜோடியாகக் கைகோத்து உயர்த்துவது ஒழுக்கத்துக்காக வந்த பழக்கமாம். இந்த ஆண்டோடு அதை நிறுத்துகிறாயாம்.

ஒழுக்கமாம், ஒழுக்கம்!

அன்றைக்கு விசில் ஊதியதும் எல்லோரும் கரையேறினீர்கள். "சின்னவன் எங்கடா?" என்றேன். "எனக்கு முன்னாடியே ஏறிட்டான்க்கா" என்றாய். நம் கடைசித் தம்பியின் துண்டு நனையாமல், மடித்தபடியே கரையில் இருந்தது.

உனக்கு அப்போது பத்து வயது. யாரும் உன்னைக் குற்றம் சொன்னதில்லை. இனி ஒரு பிள்ளையும் விடுபடக் கூடாதென்று அடுத்த கோடையில் இந்தப் பழக்கத்தைக் கெஞ்சிக் கொண்டுவந்தது அம்மா. நீதான் அதற்குப் பிறகு ஏரியில் கால்கூட நனைக்கவில்லை.

அவனைப் பற்றி எழுதச் சொல்லவில்லை. அந்தப் பழக்கத்தில் மட்டும் கை வைக்காதே.

திங்கட்கிழமை என் மகள் முகாமுக்கு வருகிறாள். விசில் ஊதும்போது அவள் ஜோடியில்லாமல் நின்றால், அங்கியோடு தண்ணீரில் இறங்கி அவள் கையை நீ பிடி.

உன் அக்கா