அவர் போனுக்குப் போன தேதி

ஜூன் 3
நான் வேலை செய்யும் ஜமுனாமரத்தூர் ஜெராக்ஸ் கடையில் கூட்டமில்லை. முதலாளி மஞ்சுளா அக்காவின் கம்ப்யூட்டரில் என் காலண்டரைத் திறந்து, வாணியம்பாடி டாக்டர் சொன்ன தேதியைப் போட்டேன். வீட்டுக்காரர் போனையும் அதோடு சேர்த்துவிட்டேன். இங்கே போட்டால் அங்கே மணியடிக்கும். எனக்கு எல்லா டெஸ்ட்டும் எடுத்தாயிற்று, குறையில்லை. இனி அவருக்குத்தான் எடுக்க வேண்டும். கல்யாணமாகி ஐந்து வருடம், இன்னும் குழந்தையில்லை.
"தேதி ஏத்திட்டியா நதியா? அன்னிக்கு லோடு எறக்கிட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துட்றேன்" என்றார். அவருக்கு லோடு வண்டி ஓட்டும் வேலை.

ஜூன் 12
வரவில்லை. ஆஸ்பத்திரி பெஞ்சில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் வந்து வந்து, "வூட்டுக்காரர் வரலீங்களா?" என்றாள்.
வீட்டுக்கு வந்தால் டீ குடித்துக்கொண்டிருக்கிறார். "போன் அடிக்கவே இல்ல. நம்ம ஊர்ல டவர் எங்க கீது?"
அத்தை சும்மா இருப்பாளா? "இன்னாத்துக்கு அவன இழுக்கற? கொறை யார்கிட்டன்னு ஊருக்கே தெரியும்."
அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே போனார்.

ஜூன் 13
போன்தான் காரணமாக இருக்கும். செட்டிங்ஸ் முழுக்கப் பார்த்துச் சரிசெய்தேன். சோதித்துப் பார்க்க, கடையிலிருந்து "உப்பு வாங்கணும்" என்று போட்டேன். சாயங்காலம் உப்போடு வந்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். டாக்டரிடம் வேறு தேதி வாங்கிப் போட்டேன்.

ஜூன் 27
இன்றும் வரவில்லை.

ஜூன் 28
காலண்டரில் நேற்றைய தேதியின் மேல் கோடு விழுந்திருக்கிறது. நான் போடவில்லை. போனில் யாராவது 'முடிந்தது' என்று தொட்டால்தான் இங்கே கோடு விழும். பழைய தேதியை நான் திரும்பிப் பார்த்ததே இல்லை. இப்போது பார்த்தேன். பன்னிரண்டாம் தேதி மேலும் கோடு.
மணி அடித்திருக்கிறது. எடுத்துப் பார்த்து, தொட்டு, பாக்கெட்டில் போட்டுக்கொண்டிருக்கிறார் — இரண்டு தடவையும். டவர் கிடைத்த இடத்தில் போன் உண்மையைச் சொல்லிவிட்டது. நான்தான் முட்டாள் மாதிரி செட்டிங்ஸை நோண்டிக்கொண்டிருந்தேன்.
"இன்னா, மொகம் ஒரு மாதிரி கீது?" என்றாள் மஞ்சுளா அக்கா.
"ஒன்னுமில்லக்கா. போன் நல்லாத்தான் வேலை செய்யுது."

ஜூன் 29
கேட்டே விட்டேன். முதலில், "தெரியாம கை பட்ருக்கும்" என்றார். "ரெண்டு தபாவுமா?" என்றேன். அப்புறம் குரல் இறங்கிவிட்டது.
"எனக்குக் கொறைன்னு வந்துட்டா, நான் இன்னா மூஞ்சிய வச்சிக்கினு வெளிய போறது?"
அப்ப என் மூஞ்சி? அஞ்சு வருஷமா அத்தை வாயில விழுந்து எழுந்துச்சே — அதுக்குப் பேரு இன்னா? எனக்குக் குறையில்லை என்று தெரிந்த பிறகும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே இந்த ஆள். வெறுப்பாக இருக்கிறது.

ஜூலை 2
ஆலங்காயத்தில் அம்மா வீட்டில் இருக்கிறேன். போன் செய்தார். "எப்ப வர்றே?"
"டாக்டர்கிட்ட நீங்களே தேதி வாங்குங்க. அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு வர்றேன். வூட்டுக்கு வர்றது அப்புறம்."
வைத்துவிட்டார்.

ஜூலை 21
காலண்டரில் புதிதாக ஒரு வரி வந்திருக்கிறது. முதல் முறையாக அவரே போனிலிருந்து போட்டிருக்கிறார். அவசரமாகத் திறந்தேன். "நதியாவ கூட்டியாரணும்" — வெள்ளிக்கிழமை. டாக்டர் பேச்சே இல்லை.
அவர் போனைக் காலண்டரிலிருந்து எடுத்துவிட்டேன். இங்கே பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் வேலைக்கு ஆள் கேட்டார்கள். நாளை முதல் வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.