கத்தரி வழுக்கிய பிறகு

தலைமை நர்ஸ் அம்மாவுக்கு (இன்னும் ஆகவில்லைதான், ஆனால் கோபம் மட்டும் நேற்றே பதவியேற்றுவிட்டது),

உன் முன்முடியை ஒரு பக்கம் குட்டையாக வெட்டியவன் நான்தான். இருபது வருஷமாக ஊரார் தலையைத் திருத்துகிறவன், நேர்காணலுக்குப் போகிற சொந்தப் பெண்டாட்டி தலையில் சொதப்பினேன். ஆனால் கத்தரி நெற்றியில் இருக்கும்போதா, "வேலை கிடைச்சா வெளியூர்லயே குவார்ட்டர்ஸ் தருவாங்க" என்று சொல்வார்கள்?

அதற்குப் பிறகு நீ கதவைத்தான் பேசவிட்டாய், மூன்று தடவை.

முட்டை வேகவைத்து மூடியிருக்கிறேன். கோபத்தை என்மேல் காட்டு, முட்டைமேல் காட்டாதே. சான்றிதழ் ஃபைல் மேசைமேல் இருக்கிறது. ஒன்பது மணிக்கு என் தங்கை கிளிப்போடு வருவாள், குட்டைப் பக்கத்தை மறைத்துவிடுவாள். இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டிக்கொள்ளுங்கள், அவளுக்கும் பிடிக்கும்.

சாவியை ஜன்னலில் வை. நான் கடைக்குப் போகிறேன்.

பி.கு.: நீ விண்ணப்பம் போட்டதைச் சொன்ன அன்று நான் சிரித்தது தப்பு.

இன்னொன்று: "வெளியூரில் தங்குவீர்களா?" என்று நேர்காணலில் கேட்டால் என்ன சொல்வாய் என்று மூன்று நாளாக உன்னோடு ஒத்திகை பார்த்தேனே, அது ஒத்திகை இல்லை. எனக்கே தெரிய வேண்டும். போய்விடுவாயா? இங்கேயே எழுதிவிட்டுப் போ. மதியம் வந்து பார்ப்பேன்.

(அதன் கீழே, அவள் கையெழுத்தில்)

ஆமா. கிடைச்சா போவேன். உங்களையும் கூட்டிட்டுப் போறதான்னு இன்னும் முடிவு பண்ணல.