நான் வாசிக்காமல் விட்ட வரி

அக்கா,

அவரைக்காய் வந்துவிட்டது. நேற்று மாலை ரயில் பெட்டி முழுக்க அந்த வாசனைதான். பங்காரப்பேட்டை தாண்டியதும் எல்லோர் மடியிலும் காய், காலடியில் தோல். நானும் அரைக் கிலோ வாங்கியிருந்தேன். நாலு காய் உரித்ததும் விரலில் அந்தப் பிசுக்கு ஒட்டியது. அதற்கு மேல் உரிக்க முடியாமல் பையைக் கட்டி வைத்துவிட்டேன்.

போன பருவத்தில் நீங்கள் என் எதிரில் உட்கார்ந்திருந்தீர்கள். நான் ஒரு காய் உரிப்பதற்குள் நீங்கள் பத்து உரித்துவிடுவீர்கள். "இன்னாடி, ஒவ்வொரு காயையும் இப்படிப் பாக்கற? பொண்ணு பாக்கவா வந்துகீற?" என்பீர்கள். பெட்டியே சிரிக்கும். எனக்கு முகம் சூடாகிவிடும், ஆனாலும் பிடிக்கும். தையல் கம்பெனியில் என்னோடு பேசிக்கொண்டே இருந்தவர் நீங்கள் ஒருவர்தான். பதில் வராவிட்டாலும் நிறுத்த மாட்டீர்கள்.

உங்களுக்கு மாலை ரயில்தான் முக்கியம். நம் ஊர் ஸ்டேஷன் வாசலில் உங்கள் வீட்டுக்கார அண்ணனின் வண்டி மேல் உங்கள் பாப்பா உட்கார்ந்திருப்பாள். அவள் தூங்குவதற்குள் பாலகாட் வீட்டுக்குப் போய்ச் சோறு ஊட்ட வேண்டும். அதற்காகவே வேலை முடியும் மணி அடித்ததும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவீர்கள்.

பொங்கல் முடிந்து அந்தத் தாள் வந்தது. சாப்பாட்டு நேரம். சூப்பர்வைசர் மேசை மேல் கட்டாக வைத்து, பாதி கன்னடமும் பாதி தமிழுமாகச் சொன்னார்: "கொரோனால தொழிலெல்லாம் படுத்துப் போச்சு. எழுப்பணும்னு சர்க்கார் சட்டத்தை மாத்தியிருக்கு. இனிமே தினம் ரெண்டு மணி நேரம் கூட. ஓவர்டைம் தருவாங்க. சைன் போடுங்க."

"படுத்தது தொழிலு, எழுப்பறது நானா? காலையில எங்க ஊட்டுக்காரரையே என்னால எழுப்ப முடியல சார்" என்றீர்கள். அவரும் சிரித்தார். பிறகு நீங்கள் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னீர்கள்: "எங்கப்பா தங்கம் வெட்ட பூமிக்குள்ள போனாரு. அவருக்கே எட்டு மணி நேரந்தான்டி ஷிப்டு."

தாள் கன்னடத்தில் இருந்தது. நாம் எல்லோரும் கன்னடம் பேசுவோம். நம் ஊர்க்காரர்களில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் மட்டும்தான். கொரோனாவில் பள்ளி மூடியபோது பாடமெல்லாம் போனில் நடந்தது. வீட்டிலிருந்த ஒரே போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். அப்படி ஒன்பதாவதோடு நின்றவள்தான், ஆனாலும் எழுத்து மறக்கவில்லை. அதனால் தாளை என்னிடம் நீட்டினீர்கள். "இன்னா எழுதிகீது, படிடி."

அந்தத் தாள் தையல் மெஷினில் உட்காருபவர்களுக்கு மட்டும். நான் அப்போது நூல் வெட்டுகிற ஹெல்பர். எனக்கு அதில் இழக்க ஒன்றுமில்லை. முழுவதையும் மனதுக்குள் படித்தேன். கடைசியில் ஒரு வரி இருந்தது: இதற்குக் கட்டாயம் இல்லை, விருப்பம் உள்ளவர்கள் மட்டும் கையெழுத்திடலாம்.

சூப்பர்வைசர் என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். "நேரம் கூட்டறாங்கக்கா" என்றேன். கடைசி வரியை விட்டுவிட்டுத் தாளைத் திருப்பி நீட்டினேன்.

"போட்டே ஆவணுமா?" என்று கேட்டீர்கள்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

நீங்கள் தமிழில் கையெழுத்துப் போட்டீர்கள். மற்றவர்களும் போட்டார்கள்.

மாலை ரயில் உங்களுக்கு இல்லாமல் போனது. அடுத்த ரயிலில் வந்து சேர்ந்தால் பாப்பா தூங்கியிருப்பாள். மூன்று வாரம் அப்படி ஓடிப் பார்த்துவிட்டு, கம்பெனிக்குப் பக்கத்தில் நாலு பெண்களோடு அறை எடுத்தீர்கள். பாப்பா உங்கள் நாத்தனாரிடம் போனாள். நான் மட்டும் அதே ரயிலில் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஊருக்கு வந்திருந்தபோது உங்கள் வீட்டுக்கு வந்தேன். பாப்பாவுக்குத் தலை வாரிக்கொண்டே கேட்டீர்கள்: "வேற தையல் லைன்ல ஒருத்தி இன்னும் அந்த சாயங்கால ரயில்லதான் போறாளாமே. அவ மட்டும் எப்டிடி?" நீங்கள் என் பக்கம் திரும்பவில்லை. அன்றே சொல்லியிருக்கலாம். அங்கே சூப்பர்வைசர்கூட இல்லை. "தெரியலக்கா" என்றேன்.

ஆடியில் உங்களுக்குக் காய்ச்சல். மாத்திரை போட்டுக்கொண்டு இரண்டு நாள் வேலைக்கு வந்தீர்கள். மூன்றாம் நாள் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. அண்ணன் வந்து கோலார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் டெங்கு முற்றியிருந்தது. நீங்கள் உயிரோடு திரும்பவில்லை. "காய்ச்சல் இங்க இருந்தாலும் வரும்டி" என்கிறார் அம்மா. வரும்தான். ஆனால் இங்கே இருந்திருந்தால் முதல் நாளே அண்ணன் உங்களைத் திட்டித் திட்டி டாக்டரிடம் கூட்டிப் போயிருப்பார்.

இப்போது நானும் மெஷினில் உட்காருகிறேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இந்தத் திங்கட்கிழமை அதே தாள் மறுபடி வந்தது. எனக்கும் ஒன்று. யாரும் என்னைப் படிக்கச் சொல்லவில்லை. எழுந்து நின்றேன். கடைசி வரியை மட்டும் தமிழில் சொன்னேன். "உன்ன யார் கேட்டா?" என்றார் சூப்பர்வைசர். பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது என்று இன்னொரு முறை சொன்னேன்.

என் தாளைக் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தேன். வேறு இரண்டு பேரும் போடவில்லை. எங்களுக்கு என்ன ஆகும் என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் ஊரகாம்பேட்டையிலிருந்து வரும் ஒரு அக்கா பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். "நல்லா கேட்டுக்கினேன்மா. தெரிஞ்சேதான் போடறேன். எனக்கு அந்த ஓவர்டைம் வேணும்" என்றார்.

நீங்களும் அப்படியே போட்டிருப்பீர்களோ என்று அப்போது தோன்றியது. பாப்பாவின் படிப்பை நினைத்துப் போட்டிருக்கலாம். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு ரயிலுக்கு ஓடியிருக்கலாம். எதுவானாலும் அதை முடிவு செய்திருக்க வேண்டியவர் நீங்கள். உங்களுக்குச் சேர வேண்டிய அந்த ஒரு வரியை நான் வைத்துக்கொண்டேன், அக்கா. அது இன்னும் என்னிடமே இருக்கிறது.