குழாய்க்குள் போன தேங்காய்

செவ்வாய், இரவு

காலனித் தெருவில் தேங்கிக் கிடந்த தண்ணீர் இன்று வடிந்துவிட்டது. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

தெருக் கால்வாய் எங்கள் ஒலக்கூர் ஒன்றியத்துடையது. அது நெடுஞ்சாலைக்கு அடியில் ஒரு குழாய் வழியாகப் போகிறது. குழாய் மத்திய அரசுடையது. அந்தப் பக்கம் ஏரி, மாநில அரசுடையது. அடைப்பு யார் பகுதியில் என்பதில்தான் இத்தனை நாள் இழுபறி. வார்டு உறுப்பினர் செல்வி வீட்டில் அடுப்பங்கரை வரை தண்ணீர்.

"ஆளுக்கு ஒரு நாளு வந்து பாத்துட்டுப் போய்க்கினே இருக்கீங்க. மூணு பேரும் ஒண்ணா வாங்க சார்" என்று அவர்தான் பிடிவாதமாக வரவழைத்தார். விழுப்புரத்திலிருந்து நெடுஞ்சாலைப் பொறியாளர், திண்டிவனத்திலிருந்து ஏரிப் பொறியாளர், ஒன்றியத்துக்கு நான்.

எங்கே அடைத்திருக்கிறது என்று பார்க்க, எங்கள் மூன்று துறையிலும் உள்ள வழக்கப்படி ஒரு நெற்றுத் தேங்காயில் சுண்ணாம்பு பூசிக் கால்வாயில் விட்டேன். குழாய்க்குள் போனது, ஏரிப் பக்கம் வரவேயில்லை. நெடுஞ்சாலைக்காரர் மெஷின் வைத்துக் குடைந்தார்.

மூன்று தேங்காய்கள் வந்து விழுந்தன. ஒன்று என்னுடையது. ஒன்றில் மஞ்சள் பெயின்ட், இன்னொன்றில் சிவப்பு. கூடவே கொஞ்சம் சேறு. வேறு ஒன்றுமே இல்லை.

"அப்போ இத்தினி நாளா அடைச்சிக்கினு இருந்தது என்னா சார்?" என்றார் செல்வி.

மூவரும் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மூவரும் கையெழுத்துப் போட வேண்டிய அறிக்கை மேஜையில் இருக்கிறது. 'அடைப்புக்குக் காரணம்' என்ற இடம் மட்டும் இன்னும் காலி.