உன் கவியரங்கத்தில் நான் சிரித்தது

நேற்று எங்கள் வீட்டு மோட்டார் நின்றுவிட்டது. புதிதாக வந்த எலக்ட்ரீஷியன் மூடியைத் திறந்ததும் உள்ளே கம்பிச்சுருள் கருகிய வாசனை கூடம் வரைக்கும் வந்தது. உன் சட்டையில் எப்போதும் இருந்த வாசனை. நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. அந்தக் கிறிஸ்துமஸ் சாயங்காலத்தைப் பற்றி நாம் பேசியது ஒரே ஒரு தடவைதான்.

ஏனாத்தூர் போகிற வழியில் உங்கள் தெருச் சர்ச் மைதானம். எல்லாருக்கும் கேக் கொடுத்த பிறகு சிரிப்புக் கவியரங்கம். ‘என் தொழில் படும் பாடு’ என்று தலைப்பு. ஊசிக்குப் பயந்த போலீஸ்காரரைப் பற்றி ஒரு நர்ஸம்மா வாசித்து விசில் வாங்கினார். பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்து வாத்தியார்களைப் பாட்டாகக் கட்டியவன் நீ. நீ அழைத்த விருந்தாளி என்று பட்டு வேட்டி கட்டிக்கொண்டு முன்வரிசையில் காத்திருந்தேன்.

நீ மைக்கைத் தட்டி, "கரண்ட் இருக்குது, பயப்படாதீங்க" என்றாய். அதற்கே கூட்டம் சிரித்தது. பிறகு ஆரம்பித்தாய்.

"ஃபேன் மாட்டணுமா, ஹாலுக்கு வா!
காபி வேணுமா, பின்னாண்ட போ!
எங்க வீட்டுல ஏழு பேருக்கு ஒரே ரூமு,
அந்த வீட்டுல என் டம்ளருக்குத் தனி ரூமு!"

மைதானமே குலுங்கியது. நான் தொடையைத் தட்டிச் சிரித்தேன். எந்த வீட்டுக்காரனோ, இன்றைக்கு நன்றாக மாட்டினான் என்று நினைத்தேன்.

"வாய் நெளிஞ்ச டம்ளரு, வேல் வெட்டுன டம்ளரு,
தொடப்பத்துக்குப் பக்கத்துல தூங்கிக்கினு இருக்குது!"

சிரிப்பு என் வாயிலேயே நின்றுவிட்டது. சின்ன வயதில் நான் பால் குடித்த டம்ளர் அது. பெயருக்குப் பதில் ஒரு வேல் வெட்டச் சொல்லி அப்பா வாங்கியது. கிணற்றடியில் போட்டு நெளித்தவன் நான். நீ எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிற நேரத்தில் நான் சேலைக்கடையில் இருப்பேன். நாம் சேர்ந்து டீ குடித்ததெல்லாம் பஸ் ஸ்டாண்டில். சுற்றிலும் கைதட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை, காது அடைத்துக்கொண்டது. மீதிக் கவிதையில் நீ என்ன சொன்னாய் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

முடிந்ததும் சர்ச் சுவரோரம் உன்னை நிறுத்தினேன்.

"அது எங்க வீடாடா?"

சிரித்துக்கொண்டே திரும்பிய நீ, என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாய்.

"உனுக்குத் தெரியாதா?"

"சத்தியமா தெரியாதுடா."

"பன்னெண்டு வருசமா வந்துக்கினு இருக்கேன்டா. உனுக்குத் தெரியும், அம்மாவ எதுத்துப் பேச முடியாம நீ வெக்கப்படுறன்னு நெனச்சிக்கினு இருந்தேன். அதான் நானும் கேக்கல." கவிதைத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தாய். "தெரியவே இல்லியா... இதுதான்டா கஷ்டமா இருக்குது."

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன். அம்மா மறைக்கவில்லை. "அந்தப் புள்ளைக்கு நான் இன்னா கொறை வெச்சேன்? டிகாஷன் நல்லா ஊத்திதான் குடுக்கறேன்" என்றாள், சாதாரணமாக. பின்பக்க மாடத்தில் நீ சொன்ன இடத்திலேயே இருந்தது டம்ளர். அன்று அம்மாவிடம் நான் கத்தியதை இங்கே எழுத மனமில்லை.

பொங்கல் கழித்து நீ சுவிட்ச் மாற்ற வந்த அன்று நான் கடைக்குப் போகவில்லை. நாங்கள் குடிக்கிற டம்ளரிலேயே அம்மா கூடத்துக்குக் காபி கொண்டுவந்து நீட்டினாள். நீ கையைத் துடைத்துக்கொண்டு மரியாதையாகச் சொன்னாய்: "வேணாம்மா. இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்."

அடுத்த முறையும் அதையேதான் சொன்னாய். மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோகிற வரை எங்கள் வீட்டில் நீ ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. என்னோடு டீக்கடைக்கு வருவதை மட்டும் நிறுத்தவில்லை.

என்னை மன்னித்தாயா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் சிரிப்பாக்கியிருப்பாய். நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தூக்கிவாரிப்போடுவது ஒன்றுதான்டா: என்னிடம் இல்லாத ஒரு வெட்கத்தை இருப்பதாக நம்பி, பன்னிரண்டு வருடம் நீ என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருந்தாய்.